பி.ஜி. செக்‌ஷனில் ஒரே ஒரு ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பட்ட மேற்படிப்பு பயிலும் மருத்துவர்களின் வேலைப்பளு பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் தந்த அறிக்கையில், மேற்படிப்பு மாணவரை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரைகள். ஆனால் அந்த விடுப்பைப் பதிவேட்டில் ஏற்றுபவர் யார், ஸ்டைபண்ட் (பயிற்சிக் கால உதவித்தொகை) பில்லைக் கருவூலத்துக்கு அனுப்புபவர் யார், தேர்வு விண்ணப்பம் நாள் தவறாமல் போகிறதா என்று பார்ப்பவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி அலுவலகத்திலும் பி.ஜி. செக்‌ஷன் என்று ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசையில் இருப்பவரின் நலனும் மன நிறைவும்தான் இக்கடிதத்தின் பொருள்.

அலுவலக வழக்கில் "பி.ஜி. சீட் பார்க்கிறார்" என்பார்கள். பெரும்பாலும் அவர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு எழுதி அமைச்சுப் பணிக்கு வந்த இளநிலை உதவியாளர் அல்லது உதவியாளர். மேலே ஒரு கண்காணிப்பாளர், அவருக்கு மேல் நிர்வாக அலுவலர், துணை முதல்வர், முதல்வர். பக்கத்தில் தொகுப்பூதியத்தில் ஒரு கணினி இயக்குபவர் இருந்தால் அந்தக் கல்லூரி கொடுத்துவைத்தது. பல இடங்களில் இந்த சீட்டோடு, எம்.பி.பி.எஸ். படிப்பை முடித்து ஓராண்டு கட்டாய சுழற்சிப் பயிற்சியில் இருப்பவர்களைப் பார்க்கும் சி.ஆர்.ஆர்.ஐ. சீட்டும், சில இடங்களில் விடுதியும் சேர்ந்தே இருக்கும். இத்தனை மாணவருக்கு இத்தனை பணியாளர் என்று பேராசிரியர்களுக்கு விதி உண்டு. படுக்கைக்கு உண்டு, நூலகப் புத்தகத்துக்குக்கூட உண்டு. இந்த மேசைக்கு அப்படி ஒரு கணக்கு நடைமுறையில் இல்லை. மற்ற குறைகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 100 பேர் சேரும் கல்லூரியில் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 300 மேற்படிப்பு மாணவர்கள். மாதந்தோறும் துறைகளிலிருந்து வரும் வருகைப் பட்டியலை விடுப்புப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து ஸ்டைபண்ட் பட்டியலில் ஏற்ற ஆளுக்கு 5 நிமிடம் வைத்தால் 25 மணி நேரம். ஒருவர் ஆண்டுக்குப் பத்து முறை விடுப்பு விண்ணப்பம் தந்தால் மாதத்துக்கு 250 விண்ணப்பம். ஒன்றுக்கு 3 நிமிடம் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். போனஃபைடு, வங்கிக் கடனுக்குச் சான்று, மாநாட்டுக்குத் தடையில்லாச் சான்று என்று ஆளுக்கு ஆண்டில் ஆறு கேட்டால் மாதம் 150. பத்து நிமிடம் வீதம் 25 மணி நேரம். நேரில் வந்து நிற்பவர்கள் நாளுக்குப் பதினைந்து பேர், ஐந்து நிமிடம் வீதம் இன்னொரு இருபத்தேழரை மணி நேரம். ஆக, வழக்கமான வேலைக்கே 90 மணி நேரம் போய்விடுகிறது. 22 வேலை நாள், நாளுக்கு 7 மணி நேரம் என்றால் கையில் இருப்பது 154 மணி நேரம். மீதி 64 மணி நேரத்தில் தேசிய மருத்துவ ஆணையத்தின் கடிதங்கள், கிண்டி மருத்துவப் பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கைகள், இயக்குநரகம் "இன்று மாலைக்குள்" என்று கேட்கும் விவரங்கள், முப்பது நாளுக்குள் தர வேண்டிய தகவல் உரிமைச் சட்டப் பதில்கள், நீதிமன்ற வழக்குக்குப் பத்தி வாரியான குறிப்புரை எல்லாம் முடிந்தாக வேண்டும்.

இதுவரை சொன்னது சாதாரண மாதம். நிர்வாகத்தில் ஆண்டு சராசரியைப் பார்த்து "ஒரு ஆள் போதுமே" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். தவறு நடப்பது இங்கேதான். தேர்வு விண்ணப்ப மாதத்தில் இறுதியாண்டு 100 பேருக்கும் தலா ஆறு ஆவணம் சரிபார்க்க வேண்டும்: 80 சதவீத வருகைச் சான்று, ஆய்வேடு ஏற்பு, ஆராய்ச்சி முறையியல் பாடச் சான்று, நெறிமுறைப் பாடச் சான்று, உயிர்காப்புப் பயிற்சிச் சான்று, மாவட்ட உறைவிடப் பயிற்சி முடித்த சான்று. மாநாட்டில் கட்டுரை வாசித்ததற்கோ ஆய்வுக் கட்டுரை வெளியிட்டதற்கோ உள்ள ஆதாரம் தனி. ஒன்றுக்குப் பத்து நிமிடம் வைத்தாலும் 100 மணி நேரம், அதுவும் மூன்று வாரத்துக்குள். சேர்க்கை மாதத்தில் புதிதாக வரும் ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் 150 மணி நேரம். அந்த மாதங்களில் ஒருவர் இரண்டு ஆள் வேலையைச் செய்கிறார். பிறகு ஒரு மாதம் உடம்புக்கு முடியாமல் விடுப்பில் போகிறார். திரும்பி வரும்போது அவருடைய தன்பதிவேட்டில் (தன் மேசைக்கு வரும் தபால்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டில்) நிலுவை மலையாய் நிற்கிறது.

சேர்க்கை நாளை அருகில் நின்று பார்த்தால்தான் இந்த வேலையின் தன்மை விளங்கும். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு, பாதி மாநில ஒதுக்கீடு. இரண்டுக்கும் தனித்தனி இணையதளம், தனித்தனி அட்டவணை. சுற்றுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று, அதன் பிறகு எஞ்சிய இடங்களுக்கான சுற்று. கடைசி நாள் ஞாயிறாக இருந்தாலும் அரசு விடுமுறையாக இருந்தாலும் அலுவலகத்தைத் திறந்து வைக்கச் சொல்லி உத்தரவு வரும். அகில இந்திய ஒதுக்கீட்டில் வருபவரின் சேர்க்கைக் கடிதத்தை இணையதளத்திலேயே உருவாக்க வேண்டும். ஆள் நேரில் வந்து, கட்டணம் கட்டி, கையெழுத்துப் போட்டிருந்தாலும் இணையத்தில் ஏறாத சேர்க்கை செல்லாது. அடுத்த சுற்றில் வேறு இடத்துக்கு மாற விருப்பமா இல்லையா என்பதையும் அப்போதே பதிய வேண்டும். "விருப்பம்" என்பதற்குப் பதில் "விருப்பமில்லை" என்று ஒரு சொடுக்கு மாறினால் அந்த மருத்துவருக்கு அடுத்த சுற்றே கிடையாது. விலகிப் போகிறவரின் விடுவிப்புக் கடிதமும் இணையத்தில் உருவாக வேண்டும். இல்லையென்றால் அவர் போய்ச் சேரும் கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள்.

கடைசி நாள் மாலை நாலு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு மாநிலத்திலிருந்து ரயில் ஏறி வந்த பெண் மருத்துவர் நிற்கிறார். அவருடைய அசல் சான்றிதழ் முந்தைய சுற்றில் சேர்ந்த கல்லூரியில் இருக்கிறது. அங்கிருந்து விடுவிப்புக் கடிதம் இன்னும் வரவில்லை. இணையதளத்தில் நுழைய ஓ.டி.பி. வேண்டும். அது பதிவு செய்யப்பட்ட கைப்பேசிக்குப் போகும். பதிவானதோ சென்ற ஆண்டு மாறுதலில் போன முதல்வரின் எண். அவர் வேறு ஊரில் அறுவை அரங்கில் இருக்கிறார். அவர் வெளியே வந்து எண்ணைச் சொல்வதற்குள் பத்து நிமிடம் கடந்து ஓ.டி.பி. காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. மேசைக்கு முன்னால் பெண்ணின் தந்தை நிற்கிறார், பின்னால் கண்காணிப்பாளர் நிற்கிறார். இடம் கைவிட்டுப் போனால் அந்தப் பெண்ணின் ஓராண்டு போய்விடும், விளக்கம் கேட்டு மெமோ வருவது மட்டும் சீட் பார்க்கிறவருக்கு.

இதற்குத் தீர்வு மிக எளிது, செலவும் சொற்பம். கல்லூரியின் பெயரில் ஒரு சிம் கார்டு, ஒரு கைப்பேசி, அலுவலகத்திலேயே இருக்கும்படி. எல்லா இணையதளங்களுக்கும் அந்த எண்ணும், ஆளின் பெயர் இல்லாத ஒரு அலுவலக மின்னஞ்சலும் மட்டுமே பதிவாகி இருக்க வேண்டும். முதல்வர் மாறும் நாளிலேயே உள்நுழைவு விவரங்களைக் கைமாற்றி, பொறுப்பு ஒப்படைப்புச் சான்றில் அதற்கென்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சாவி, முத்திரை, காசோலைப் புத்தகம் கைமாறுவதை எழுதுகிறோமே, அதே போல. பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்று இரண்டு உள்நுழைவு இருக்கும் தளங்களில் இரண்டையும் ஒரே ஆள் கையில் கொடுப்பதை நிறுத்த வேண்டும். அவசரத்துக்கு எல்லாக் கடவுச்சொல்லும் ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. பிழை வந்தால் அதே அவசரம் அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

அசல் சான்றிதழ்கள் பற்றியும் சொல்ல வேண்டும். இருநூறு முந்நூறு பேரின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் எம்.பி.பி.எஸ். பட்டம் வரை ஒரு இரும்பு பீரோவில், சாவி ஒரே ஆளின் கைப்பையில் இருக்கும் இடங்கள் உண்டு. ஒரு தாள் காணாமல் போனால் அவர் தன் கைக்காசில் விளம்பரம் கொடுத்து, காவல் நிலையத்துக்கு அலைந்து, நகல் சான்று வாங்கித் தர வேண்டிய நிலை. வாங்கும்போதே ஒவ்வொரு தாளையும் எண்ணிட்டு, மாணவர் முன்னிலையில் ஸ்கேன் செய்து, இரு பிரதியில் ரசீது போட்டு, ஒன்றை மாணவரிடம் கொடுத்துவிட்டால் இந்தப் பயத்தில் முக்கால் பங்கு குறையும். ஆளுக்குப் பத்து நிமிடம் கூடுதலாகும். அதை மேலே சொன்ன ஒன்றரை மணி நேரக் கணக்கில் சேர்த்தேதான் வைத்திருக்கிறோம்.

அடுத்தது ஸ்டைபண்ட். அரசுப் பணியிலிருந்து படிக்க வந்தவருக்குச் சம்பளக் கணக்கு, வெளியிலிருந்து வந்தவருக்கு ஸ்டைபண்ட் கணக்கு. வங்கி விவரத்தை அரசின் சம்பளப் பட்டியல் மென்பொருளான களஞ்சியத்தில் ஏற்றும்போது ஐ.எப்.எஸ்.சி. குறியீட்டில் ஓர் எழுத்து பிசகினால் பணம் திரும்பி வந்துவிடும். வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்த பிறகு பழைய பாஸ்புக்கில் இருக்கும் குறியீடு செல்லாமல் போன கணக்குகள் பல. நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு: இனிஷியல். பள்ளிச் சான்றில் "எஸ். கார்த்திக்", ஆதாரில் "கார்த்திக் சண்முகம்", வங்கியில் "கார்த்திக் எஸ்". டெல்லியில் உருவான இணையதளம் குடும்பப் பெயரைக் கட்டாயம் கேட்கும். நான்கு இடத்திலும் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் சரிபார்ப்பில் தட்டிவிடும். சேரும் நாளிலேயே நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மாறியிருந்தால் அன்றைக்கே ஆதாரையோ வங்கிக் கணக்கையோ திருத்தச் சொல்லி அனுப்பினால் முதல் மாத ஸ்டைபண்ட் தடைபடாது. அப்போது விட்டால் மூன்று ஆண்டும் அது துரத்திக்கொண்டே வரும். கடைசியில் பட்டச் சான்றிதழில் போய் முட்டும்.

மாவட்ட உறைவிடப் பயிற்சி வந்த பிறகு இந்த வேலை ஒரு சுற்று பெருத்தது. மேற்படிப்பு மாணவர் மூன்றாம், நான்காம், ஐந்தாம் பருவங்களில் ஏதாவது ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். நல்ல திட்டம், மாவட்ட மக்களுக்குப் பலன் தரும் திட்டம். ஆனால் மாணவர் இருப்பது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். மாவட்டத் தலைமை மருத்துவமனை இருப்பது மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். ஸ்டைபண்ட் தருவது சொந்தக் கல்லூரி, வருகையைச் சான்றளிப்பது மாவட்ட மருத்துவமனை. அங்கிருந்து வருகைப் பட்டியல் மாதக் கடைசியில் கிளம்பினால் இங்கே பில் போடும் நாள் தாண்டியிருக்கும். அந்த மாணவர்களை மட்டும் விட்டுவிட்டுப் பில் போட்டால் அடுத்த மாதம் துணைப் பட்டியல். துணைப் பட்டியலுக்கு ஒரு விளக்கக் குறிப்பு. அதன் மேல் கருவூலத்திலிருந்து ஒரு ஆட்சேபணை. இதற்கும் எளிய வழி இருக்கிறது. வருகைக் கணக்கை மாதத்தின் 21-ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 20 வரை என்று எல்லா மருத்துவமனைக்கும் ஒரே மாதிரி வைப்பது, ஒரே பக்கப் படிவம், 22-ஆம் தேதிக்குள் மின்னஞ்சலில் ஸ்கேன் பிரதி, அசல் தபாலில் பின்னால் வரட்டும் என்று இரு இயக்ககங்களும் சேர்ந்து ஒரு உத்தரவு போட்டால் போதும். இப்போது ஒவ்வொரு சீட்டும் தனித்தனியாகத் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருக்கிறது.

சி.ஆர்.ஆர்.ஐ. சீட்டின் துயரம் வேறு வகை. 2021-ஆம் ஆண்டின் கட்டாய சுழற்சிப் பயிற்சி ஒழுங்குமுறைப்படி பயிற்சிக் காலம் 12 மாதம், விடுப்பு அதிகபட்சம் 15 நாள். அதற்கு மேல் போனால் போன நாளுக்குப் பயிற்சி நீட்டிக்கப்படும். நீட் முதுநிலைத் தேர்வுக்கோ "இந்தத் தேதிக்குள் பயிற்சி முடித்திருக்க வேண்டும்" என்று ஒரு கட்-ஆஃப் இருக்கிறது. மூன்று நாள் நீட்டிப்பு அந்தத் தேதியைத் தாண்டிவிட்டால் ஓராண்டு வீண். அந்த மூன்று நாளைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி இளநிலை உதவியாளர் மேல் விழும் அழுத்தம் கொஞ்சமல்ல. பெற்றோர் வருவார்கள், தெரிந்தவர் மூலம் சொல்லி அனுப்புவார்கள், சில நேரம் துறையிலிருந்தே "பார்த்துச் செய்" என்பார்கள். குறைத்தால் பொய்ச் சான்று, குறைக்காவிட்டால் கல் நெஞ்சக்காரர். உண்மையில் சண்டை வருவதற்குக் காரணம் விதி அல்ல. கணக்கு பதினோராம் மாதத்தில்தான் மாணவருக்குத் தெரிய வருகிறது என்பதே காரணம். ஒவ்வொரு துறைப் பணி முடியும்போதும், அதாவது பொது மருத்துவம் ஆறு வாரம் முடிந்ததும், சமூக மருத்துவம் பன்னிரண்டு வாரம் முடிந்ததும், "இதுவரை எடுத்த விடுப்பு இத்தனை, மீதி இத்தனை, இப்படியே போனால் முடியும் தேதி இது" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மாணவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் கடைசியில் யாரும் வாக்குவாதம் செய்ய மாட்டார்கள். ஆண்டுக்கு 150 சி.ஆர்.ஆர்.ஐ. என்றால் இந்தத் துண்டுத் தாளை எழுதுவதற்கே ஒரு ஆள் வேண்டும் என்பதும் உண்மை.

மேற்படிப்பு மாணவருக்கும் இதே முறை பொருந்தும். 2023-ஆம் ஆண்டின் முதுநிலை ஒழுங்குமுறைப்படி ஆண்டுக்கு 20 நாள் சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு, 5 நாள் கல்வி விடுப்பு, வாரம் ஒரு நாள் ஓய்வு. காகிதத்தில் உரிமை இருந்தும் எடுக்க முடியாமல் தவிக்கும் மாணவருக்கு, துறைத் தலைவரிடம் காட்ட ஒரு ஆதாரம் தருவது இந்தப் பதிவேடுதான். பதிவேடு ஒழுங்காக இருக்கும் கல்லூரியில் மாணவருக்கும் ஓய்வு கிடைக்கிறது. எழுதுபவரின் நலனைப் பேசாமல் மாணவர் நலனைப் பேசிப் பயனில்லை என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

வருகைப் பதிவு பற்றிச் சுருக்கமாக. பேராசிரியர்களின் ஆதார் வருகைப் பதிவு 2025 மே முதல் முகம் காட்டிப் பதியும் முறைக்கு மாறியது. குறைந்தது 75 சதவீத வருகை இல்லாவிட்டால் அந்த ஆசிரியர் கணக்கில் வரமாட்டார். ஆசிரியர் கணக்கில் குறைந்தால் கல்லூரிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். பதியாமல் விடுபவர் மூத்த பேராசிரியர். பட்டியலை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய், "சார், இந்த மாதம் குறைகிறது" என்று சொல்ல வேண்டியவர் இளநிலை உதவியாளர். அவருக்கு அதைச் சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வரும்?

இந்த வேலையில் ஆட்களை உருக்குவது எது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. கோரிக்கை நிறைய, சுதந்திரம் குறைவு என்ற நிலையில் உள்ள வேலைகளே மனத்தை அதிகம் வாட்டும் என்று பணிச்சூழல் ஆய்வாளர் ராபர்ட் காரசெக் 1979-லேயே எழுதினார். பி.ஜி. சீட் அதற்குப் பாடநூல் உதாரணம். காலக்கெடுவைக் குறிப்பவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் ஒருவர், ஆவணம் தர வேண்டியவர் ஒருவர். மூன்றும் இவர் கையில் இல்லை, பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் இவர். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை நோய் வகைப்பாட்டில் தொழில் சார்ந்த நிகழ்வாகச் சேர்த்தபோது மூன்று அடையாளம் சொன்னது: சக்தி தீர்ந்துபோதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்படைதல், தன்னால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். "நாளைக்கு வாங்க" என்று நிமிர்ந்து பார்க்காமலே சொல்லும் பணியாளரைப் பார்த்து அலட்சியம் என்கிறோம். பல நேரம் அது இரண்டாவது அடையாளம்.

மொழியும் வேலையை இரட்டிக்கிறது. கோப்புக் குறிப்பு தமிழில் எழுத வேண்டும், அதுவே அரசாணை. ஆணையத்துக்கும் மற்ற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் போகும் கடிதம் ஆங்கிலத்தில். மாதிரிக் கடிதங்கள் இருபது, இரு மொழியிலும், இயக்குநரகமே தயாரித்து எல்லாக் கல்லூரிக்கும் அனுப்பினால் புதிதாக வருபவர் முதல் வாரத்திலேயே கைநடுக்கம் இல்லாமல் எழுதுவார்.

புதிதாக வருவது என்றதும் மாறுதல் நினைவுக்கு வருகிறது. இந்த சீட்டை முழுதாகப் பழக ஒரு சேர்க்கை, ஒரு தேர்வு, ஒரு ஆண்டறிக்கை பார்த்திருக்க வேண்டும், ஓராண்டு பிடிக்கும். பழகிய மறுமாதம் பதவி உயர்விலோ மாறுதலிலோ போய்விடுவார். அடுத்தவர் வந்து "கோப்பு எங்கே" என்பதிலிருந்து தொடங்குவார். பதவி உயர்வைத் தடுக்கச் சொல்லவில்லை, அது அவர் உழைப்புக்கு வரும் கூலி. மாறுதலை சேர்க்கை, தேர்வு மாதங்களுக்கு வெளியே வைக்கவும், பழையவரும் புதியவரும் பதினைந்து நாள் சேர்ந்து உட்காரவும் செய்யலாம். ஆராய்ச்சி முறையியல் பாடத்துக்கு ஒரு உதாரணம்: சென்னையில் உள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் நடத்தும் அந்த இணையவழிப் பாடத்துக்கு ஆண்டில் குறிப்பிட்ட காலத்தில்தான் பதிவு திறக்கும். முதல் ஆண்டிலேயே முடிக்க வேண்டிய பாடம். புதியவருக்கு அந்தத் தேதி தெரியாமல் ஒரு சுற்று தவறினால் ஒரு வகுப்பே பின்தங்கும். ஆய்வேடும் அப்படித்தான், தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே சமர்ப்பிக்க வேண்டும், அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் வழிகாட்டியின் கையெழுத்தை எப்போது கேட்பது என்று தெரியும். சுவரில் மாட்டக்கூடிய ஒரு ஆண்டு நாட்காட்டி, இத்தனை தேதியும் குறித்து, ஜனவரியிலேயே எல்லாத் துறைக்கும் போனால் கேட்கும் குரல் ஒன்றே ஒன்றாக இருக்காது.

விடுமுறை நாளில் வேலை பார்த்ததற்கு ஈடுசெய் விடுப்பு உண்டு. அதைக் காலக்கெடுவுக்குள் எடுக்க வேண்டும், சேர்க்கை முடியும் முன் எடுக்க யாரும் விடுவதில்லை, முடிந்ததும் தேர்வு தொடங்கிவிடும். விடுப்பு காலாவதியாகிறது. கலந்தாய்வு நடக்கும் மாதங்களுக்கு மட்டுமாவது இந்தக் காலக்கெடுவைத் தளர்த்த வேண்டும். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் "உடனே" என்று வரும் செய்திக்கும் ஒரு வரையறை தேவை. சேர்க்கையின் கடைசி நாள் தவிர மற்ற நாட்களில் மாலை ஆறு மணிக்குப் பின் கேட்கும் விவரத்துக்கு மறுநாள் பகல் பன்னிரண்டு வரை நேரம் என்று இயக்குநரகம் ஒரு வரி எழுதினால் போதும்.

இத்தனைக்கும் இது மன நிறைவு தராத வேலை அல்ல. மூன்றாண்டுக்கு முன் சான்றிதழ் உறையோடு மிரண்டு நின்றவர், நிலுவை இல்லாச் சான்றில் பதினெட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு மயக்க மருந்து நிபுணராக, குழந்தை மருத்துவராக விடைபெறும் நாள் இந்த மேசைக்கு முன்னால்தான் வருகிறது. அந்தக் கோப்பின் ஒவ்வொரு தாளும் சீட் பார்க்கிறவர் கை பட்டது. மாவட்ட மருத்துவமனையில் அந்த நிபுணர் பணியேற்றார் என்ற தகவல்கூட அவருக்கு யாரும் சொல்வதில்லை. பணியேற்பு விவரம் எப்படியும் கல்லூரிக்குத் திரும்பி வருகிறது. அதில் ஒரு பிரதியை இந்த செக்‌ஷனுக்குக் குறித்து அனுப்புவது செலவில்லாத காரியம்.

இன்னொன்றும் இங்கே முதலில் தெரியும். "சீட்டை விட்டுப் போனால் எவ்வளவு கட்டணும்?" என்று ஒரு மாணவர் மெல்லிய குரலில் கேட்பது இந்த மேசையில். தொடர்ந்து திங்கட்கிழமைகளில் மருத்துவ விடுப்பு எழுதுவது இங்கே தெரியும். துறையில் யாரிடமும் சொல்லாததை கிளார்க்கிடம் சொல்லி அழுதுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதைக் கேட்டுவிட்டு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. வீட்டுக்குப் போயும் அந்த முகம் கண்ணில் நிற்கும். கல்லூரியின் மனநலத் துறையில் யாரிடம், எந்த எண்ணில், மாணவர் பெயரைக் கோப்பில் ஏற்றாமல் எப்படிச் சொல்வது என்று அரை நாள் பயிற்சி கொடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கட்டும், அந்தப் பக்கம் நிற்பவருக்கும் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்படி.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் பயிற்சித் திட்டங்களை அங்கீகரிக்கும் அமைப்பு, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு ஒருங்கிணைப்பாளர் இருந்தே ஆக வேண்டும், அவருடைய வேலை நேரத்தில் குறைந்தது பாதி அதற்கென்றே ஒதுக்கப்பட வேண்டும் என்று 2019 முதல் பொது விதியிலேயே வைத்தது. அந்தப் பணிக்குத் தனிச் சான்றிதழ்த் தேர்வும் அங்கே உண்டு. நம் ஊரிலும் டி.என்.பி. என்ற தேசிய வாரிய மேற்படிப்புப் பயிற்சி நடத்தும் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் அகடமிக் கோஆர்டினேட்டர் என்று பெயரோடு ஆள் இருக்கிறார். பெயர் இருக்கிறது, ஒப்பந்த வேலை என்பதால் நிலைப்பு இல்லை.

நாங்கள் கேட்பது 100 மேற்படிப்பு மாணவருக்கு ஒரு பணியாளர், 150 சி.ஆர்.ஆர்.ஐ.-க்கு ஒருவர், சேர்க்கை நடக்கும் மூன்று மாதமும் தேர்வு விண்ணப்ப மாதமும் கூடுதலாக ஒரு கணினி இயக்குபவர், இவர்களுக்கு வேறு சீட் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்ற ஒரு வரி. இதை இப்போதே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022 ஜனவரி 12-இல் விருதுநகர், நாமக்கல், திருப்பூர், திண்டுக்கல், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி உள்ளிட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அங்கே முதலில் சேர்ந்த அணி நான்கரை ஆண்டுப் படிப்பை முடித்து சி.ஆர்.ஆர்.ஐ. ஆகும் காலம் 2026. அந்த அலுவலகங்களில் பயிற்சிப் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரை எழுதப் போகிறவர் யார் என்று அதற்கு முன்பே ஒரு பணியிட ஆணையில் எழுதியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மருத்துவக் கல்லூரி அலுவலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் சிலர்,
மதுரை